‘சித்தார்த்தா’வை வாசிக்க ஒரு வழி

ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ 1922இல் வெளிவந்த சிறிய நாவல். மொத்தம் 12 அத்தியாயங்கள்தான். வாழ்வின் பொருளைத் தேடி இதைத் திறப்பவர்களில் பலர், அடிக்கோடிட்ட சில வாக்கியங்களோடு மூடிவிடுகிறார்கள். அறிவைப் பிறருக்கு வழங்கலாம், ஞானத்தை வழங்க இயலாது என்று கடைசி அத்தியாயத்தில் நாயகன் சித்தார்த்தனே தன் இளமைக்கால நண்பன் கோவிந்தனிடம் சொல்லிவிடுகிறான். ஆகவே முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம்.

இது புத்தரின் வரலாறு அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புத்தர் இதில் கோதமர் என்ற தனிப் பாத்திரமாக வருகிறார். அவர் ஞானம் அடைந்தவர் என்பதில் சித்தார்த்தனுக்கு ஐயமே இல்லை, ஆயினும் எவருடைய போதனையும் தன்னை அங்கே கொண்டுசேர்க்காது என்று சொல்லி விலகிப் போகிறான்.

இரண்டாம் வாசிப்பில், போதனைகளை விட்டுவிட்டுப் பிரிவுகளைப் பின்தொடருங்கள். தந்தை, சமணர்கள் (இங்கே, காட்டில் தவம் செய்யும் துறவிகள்), கோதமர், கணிகை கமலா, வணிகர் காமசுவாமி என்று ஒவ்வொருவரையும் அவன் விட்டுச் செல்லும்போது எதைத் துறக்கிறான், எதை எடுத்துச் செல்கிறான் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். சமணர்களிடமிருந்து அவன் கொண்டுவந்தவை சிந்திக்கவும் காத்திருக்கவும் பட்டினி கிடக்கவும் தெரிந்த திறன்கள். செல்வம் சேர்ந்த பிறகு அவை மூன்றும் அவனை விட்டு நீங்குகின்றன.

கதை ஆற்றங்கரைக்கு வந்ததும் வாசிப்பைச் சில நாள் நிறுத்தலாம். 1919இல் சுவிட்சர்லாந்தின் மொண்டஞ்ஞோலாவில் எழுதத் தொடங்கிய ஹெஸ்ஸேயும் நடுவில் நின்றுபோய், நீண்ட இடைவெளிக்குப் பிறகே தொடர்ந்தார். (அவருடைய தாய் பிறந்த ஊர் கேரளத்தின் தலச்சேரி, ஆனால் 1911இல் இலங்கை வரை வந்த ஹெஸ்ஸே அங்கே சென்று சேரவில்லை.)

மிகுந்த நேரம் தரவேண்டியது, கமலாவிடம் அவனுக்குப் பிறந்த மகனைப் பற்றிய அத்தியாயத்துக்கு. யாரையும் எளிதில் விட்டுச் சென்றவன், இப்போது விட்டுச் செல்லப்படுகிறான். அடம்பிடிக்கும் சிறுவனை அன்பால் கட்டிவைக்க முயல்கிறான்; படகோட்டி வாசுதேவனின் எச்சரிக்கையும் பயனற்றுப் போகிறது; பையன் ஓடிவிடுகிறான். பின்னர் ஆற்றுநீரில் குனிந்து பார்க்கையில் அவனுக்குத் தெரிவது, தான் பிரிந்துவந்த தந்தையின் முகச்சாயல். அந்தப் பக்கத்தை வாசித்ததும் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, இரவு முழுதும் கைகட்டி நிற்கும் மகனைத் தூக்கமின்றி எட்டிப் பார்க்கும் அந்தத் தந்தையின் பக்கமிருந்து மீண்டும் வாசியுங்கள். நாவலின் தத்துவம் முழுவதும் இவ்விரு இடங்களுக்கு இடையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

குறிப்பு எழுதும்போது, உடன்படாத இடங்களிலிருந்து தொடங்குங்கள். மகனை ஆற்றங்கரையில் சேர்ப்பதற்காகவே கமலா பாம்பு தீண்டி இறக்கிறாளோ என்ற ஐயம் எனக்கு உண்டு. வாழ்நாள் முழுதும் கோதமரின் வழியில் நடந்த கோவிந்தன் முதுமையிலும் தேடிக்கொண்டே இருப்பதாகக் காட்டுவது அவனுக்குச் செய்யும் நியாயமா என்பதையும் உங்கள் குறிப்பில் எழுதிப் பாருங்கள்.