ஈற்றுக்கு முன்னும் பின்னும்: கறவை மாட்டின் வைட்டமின் தேவையைக் கவனிக்கும் முறை

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் கொட்டிலில் கட்டிவைத்து வளர்க்கப்படும் கறவை மாடுகளுக்குப் பெரும்பாலும் வைக்கோல், தவிடு, புண்ணாக்கு, கடையில் வாங்கும் அடர்தீவனம் ஆகியவையே கிடைக்கின்றன. வைட்டமின் ஏ பசுந்தீவனத்திலுள்ள பீட்டா கரோட்டினிலிருந்து உருவாகிறது. வைட்டமின் ஈ-யும் பச்சை இலைகளில்தான் மிகுதி. வைட்டமின் டி, தோலில் வெயில் படுவதால் உண்டாகிறது. மாதக்கணக்கில் போராகக் கிடந்த வைக்கோலில் ஏ-யும் ஈ-யும் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இங்குள்ள மாட்டுக்கு வைட்டமின் கவனிப்பு கன்று ஈன்ற பிறகு அல்ல, ஈற்றுக்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

ஈற்றை ஒட்டிய நாள்களில் மாடு தீவனம் எடுப்பது குறைகிறது. அதே நேரத்தில், உடலில் சேர்ந்திருந்த ஏ, ஈ வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சீம்பாலுக்குள் இறங்குகின்றன. தின்பது போதாதபோது மாடு தன் உடல் கொழுப்பைக் கரைக்கிறது. அது கல்லீரல் தாங்கும் அளவை மீறினால், கல்லீரலில் கொழுப்பு படிவதோடு, கொழுப்பு கரைவதால் உண்டாகும் கீட்டோன்கள் என்ற பொருள்களும் இரத்தத்தில் பெருகுகின்றன. இந்த நெருக்கடியில் வைட்டமின் ஈ குறைந்திருந்தால் நோய் எதிர்ப்பணுக்கள் சோர்ந்து, நச்சுக்கொடி தங்குவதற்கும் மடிநோய்க்கும் வழி பிறக்கிறது.

பால் வற்றிய நிலையிலுள்ள 400 கிலோ எடை மாட்டுக்கு, சேமித்த உலர்தீவனமே முதன்மை உணவாக இருந்தால், நாளொன்றுக்கு வைட்டமின் ஏ சுமார் 44,000, டி சுமார் 12,000, ஈ சுமார் 640 சர்வதேச அலகுகள் தேவை. நீங்கள் வாங்கும் தாது உப்புக் கலவையின் உறையில் இந்த மூன்றும் எவ்வளவு உள்ளன என்று படித்துப் பாருங்கள். பல கலவைகளில் தாதுக்கள் மட்டுமே இருக்கும். ஏ, டி இரண்டும் உடலில் தங்கக்கூடியவை, மிகுந்தால் நஞ்சாகும். அதனால் ஊசியோ கூடுதல் மருந்தோ கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே போடப்பட வேண்டும்.

மருந்தை விடப் பசுந்தீவனத்தையே நான் முதலில் வலியுறுத்துவேன். கம்பு நேப்பியர் புல், வேலிமசால், அகத்தி ஆகியவற்றில் கிடைப்பதை நாள்தோறும் சிறிதளவேனும் கொடுங்கள். கோயம்பேட்டில் கழிக்கப்படும் காய்கறிகளில் கேரட் நல்லது. ஆனால் அழுகியதையும் பூஞ்சை பிடித்ததையும் கட்டாயம் ஒதுக்குங்கள். உணவகங்களில் மீந்த சோற்றை ஒரேயடியாகக் கொட்டுவது பெருந்தவறு: வயிற்றில் அமிலம் ஏறி, அங்கே பி வகை வைட்டமின்களை உண்டாக்கும் நுண்ணுயிரிகளே குலைந்துவிடும்.

சினைக் காலத்தின் கடைசி வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை அள்ளிக் கொடுக்காதீர்கள். அப்போது அது மிகுந்தால், எலும்பிலிருந்து அதை எடுக்கும் உடலின் இயக்கம் மந்தமாகி, ஈன்றவுடன் தேவை எகிறும்போது ஈடுகொடுக்க முடியாமல், இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்துபோகும் பால் சுரம் என்ற நோய் வருகிறது. மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட மாடுகளில், குறிப்பாக ஈன்ற முதல் மூன்று நாள்களில், காது சில்லிடுகிறதா, நடை தள்ளாடுகிறதா, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் படுத்த மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே மருத்துவரை அழைத்து, சுண்ணாம்புச் சத்து மருந்தை இரத்தக்குழாய் வழியே மெதுவாக ஏற்றச் செய்வதே சிகிச்சை.

ஈன்று 12 மணி நேரம் கடந்தும் நச்சுக்கொடி விழாவிட்டால் கையால் இழுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த சில வாரங்களில் கவனிக்க வேண்டியது, இரத்தத்தில் கீட்டோன்கள் பெருகுவதால் வரும் கீட்டோசிஸ் நோய். அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் தின்பது, பால் திடீரெனக் குறைவது, சாணம் இறுகுவது, மூச்சில் இனிப்பான மருந்து வாடை வீசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஈற்றின்போது கொழுத்திருந்த மாடுகளுக்கு இந்த ஆபத்து அதிகம் என்பதால், பால் வற்றிய காலத்தில் அவற்றை மேலும் கொழுக்கவிடக் கூடாது. வெல்லம் கொடுப்பது வழக்கம் என்றாலும், வயிற்றின் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்துவிடுவதால் இரத்தச் சர்க்கரை அவ்வளவாக உயர்வதில்லை. மருத்துவர்கள் பரிந்துரைக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவ மருந்தே பயன் தரும். அதிலிருந்தும் தீவனத்திலிருந்தும் சர்க்கரை உருவாகும் வழியில் வைட்டமின் பி12 தேவைப்படுகிறது. அதை வயிற்றின் நுண்ணுயிரிகள் செய்துகொள்ளக் கோபால்ட் என்ற தாது வேண்டும். தாது உப்புக் கலவையை ஈன்ற பிறகும் நிறுத்தக் கூடாது என்பதற்கு இது ஒரு வலுவான காரணம். ஐயம் இருந்தால், சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடித்து அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுங்கள்; கீட்டோன் இருப்பதை எளிய சோதனையிலேயே கண்டறிந்துவிடலாம்.

கன்றையும் மறக்க வேண்டாம். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஏ, ஈ வைட்டமின்கள் அதற்கு மிகக் குறைவாகவே போய்ச் சேர்கின்றன. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சீம்பால் புகட்டுங்கள்.