குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்: அமெரிக்காவில் குடியுரிமை பெறாதவர்களுக்கு

அமெரிக்காவில் கிரீன் கார்டிலோ வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வாழ்பவர் மீது குற்ற வழக்கு வந்தால், அவர் அந்நாட்டில் தங்குவாரா வெளியேற்றப்படுவாரா என்பது பல வேளைகளில் குடிவரவு நீதிமன்றத்தை எட்டும் முன்பே, குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. எனவே வழக்கை விரைவில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தை முதலில் அடக்குங்கள்.

கைதானால், பிறந்த நாடு, விசா பற்றிய கேள்விகளுக்கு வழக்கறிஞர் இல்லாமல் பதில் சொல்ல வேண்டாம். அதே வேளையில் பொய்யும் சொல்லக் கூடாது. அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகக் கூறுவதே நாடு கடத்தலுக்குக் காரணமாகலாம். உங்கள் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வழங்குகிறது.

வழக்கறிஞரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள்: எந்த விசா, எப்போது வந்தீர்கள், பழைய வழக்கு உண்டா என்பதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டு, குடிவரவு விளைவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. வியட்நாம் போரில் பணியாற்றி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்காவில் சட்டப்படி வாழ்ந்த ஹோசே பாடியா, கவலை வேண்டாம் என்ற தம் வழக்கறிஞரின் சொல்லை நம்பிப் போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்டு நாடு கடத்தலை எதிர்கொண்டார். அவர் வழக்கில்தான், நாடு கடத்தும் அபாயத்தை வழக்கறிஞர் எடுத்துரைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் தண்டனையின் அளவு. திருட்டு, வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால், அது முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டு ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காவிட்டாலும், குடிவரவுச் சட்டத்தில் அது மிகக் கடுமையான வகைக் குற்றமாகிவிடுகிறது. ஆகவே 365 நாள்களுக்குப் பதிலாக 364 நாள்கள் என்று அரசுத் தரப்புடன் பேசி முடிப்பது ஒரு குடும்பத்தையே காப்பாற்றலாம். சிறு குற்றங்களுக்கான உச்சத் தண்டனையைக் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 364 நாள்களாகக் குறைத்ததற்கும் இதுவே காரணம். ஒரே ஒரு நாளில் ஒருவருடைய வாழ்க்கை தொங்குவது நியாயமன்று என்பதே என் கருத்து. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டபின் நன்னடத்தைக் காலம் முடிந்து மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், குடிவரவுச் சட்டம் அதைக் குற்றவாளி என்ற தீர்ப்பாகவே கருதக்கூடும்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சட்டச் சொற்கள் அன்றாட ஆங்கிலம் அல்ல.

பிணைத் தொகையைக் கட்டும் முன், குடிவரவுத் துறை உங்களைத் தடுத்து வைக்கக் கோரியுள்ளதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கை இருந்தால், சிறை உங்களை விடுவிக்கும் வேளையில் மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருந்து அத்துறையிடம் ஒப்படைக்கலாம். குடிவரவு நீதிமன்றத்தில் பொதுவாக அரசு செலவில் வழக்கறிஞர் கிடைக்கமாட்டார் என்பதால், அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதையும் அப்போதே யோசிக்க வேண்டும்.

வழக்கு முடிந்தபின், கிரீன் கார்டு கையில் இருந்தாலும், குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் வெளிநாட்டுப் பயணமோ, கார்டு புதுப்பிப்போ, குடியுரிமை விண்ணப்பமோ வேண்டாம்.