பழைய ஃப்ரிட்ஜை பீர் நொதிக்கும் பெட்டியாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. கராஜில் கிடக்கும் பழைய ஃப்ரிட்ஜை அதற்காக மாற்றிக்கொள்பவர்கள் அங்கே நிறைய. (தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவது குற்றம், அதை மறக்க வேண்டாம்.)

ஏல் வகை பீருக்குப் பொதுவாக 18 முதல் 20 டிகிரி வேண்டும், லாகருக்கு 10 முதல் 12. ஃப்ரிட்ஜின் சொந்த தெர்மோஸ்டாட்டோ 5 டிகிரி பக்கமே நிற்கும். அதனால் அதை முழுக் குளிரில் திருகி விட்டுவிட்டு, வெளியில் ஒரு கன்ட்ரோலரை (சென்சாரால் வெப்பநிலையை அளந்து ஃப்ரிட்ஜை ஓடவும் நிற்கவும் வைக்கும் கருவி) மாட்டி மின்சாரத்தை அதன் பொறுப்பில் விடுகிறோம். இதுவரை சரி. பெரும்பாலானோர் சறுக்குவது அடுத்த படியில், சென்சாரை எங்கே வைப்பது என்பதில்.

சென்சாரைச் சும்மா உள்ளே தொங்கவிட்டால் அது காற்றைத்தான் அளக்கும். ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும் முதல் இரண்டு மூன்று நாள் பீர் தானாகவே சூடாகும். சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி கூட ஏறலாம். கன்ட்ரோலர் 19 காட்டும், உள்ளே பீர் 23-ல் இருக்கும். அந்தச் சூட்டில் பல ஈஸ்ட் வகைகள் தேவையில்லாத பழ வாசனையையும் காரமான ஆல்கஹால்களையும் உண்டாக்கும். பின்னால் எவ்வளவு குளிர வைத்தாலும் அது போகாது. பீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, பாத்திரத்தின் வெளிச்சுவரில் சென்சாரை டேப் போட்டு ஒட்டுங்கள். அதன்மேல் பப்பிள் ரேப்பை நாலாக மடித்து மூடுங்கள். இதற்குச் செலவே இல்லை, பலன் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

அடுத்தது கம்ப்ரஸர். நின்றவுடனே மறுபடி ஓடச் சொன்னால், குழாய்களில் அழுத்தம் சமமாகாத நிலையில் மோட்டார் திணறிச் சூடேறும். பழைய கம்ப்ரஸர் அதை எத்தனை நாள் தாங்கும்? கன்ட்ரோலரில் தாமதத்தைக் குறைந்தது 5 நிமிடமாக வையுங்கள்.

ஒயர் நுழைக்கப் பக்கச் சுவரில் துளை போடவே போடாதீர்கள். பல மாடல்களில் தகட்டுக்குப் பின்னால் வாயுக் குழாய் ஓடும். அதில் ஐசோபியூட்டேன் இருந்தால் தீப்பற்றும். சென்சார் ஒயர் மெல்லியது, கதவு ரப்பருக்கு இடையிலேயே போய்விடும். பின்சுவரில் உறைநீர் வடியும் ஓட்டை இருந்தால் அதுவும் போதும்.

குளிர்காலத்துக்குச் சின்ன ட்யூப் ஹீட்டர் போதும். பல்பு வேண்டாம், வெளிச்சம் பட்டால் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சாறு கெட்டு நாற்றமடிக்கும். நிறைந்த பாத்திரம் 25 கிலோ வரும், கண்ணாடித் தட்டு அதைத் தாங்காது. தட்டுகளைக் கழற்றி அடியில் பிளைவுட் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. 20 லிட்டர் பீர் நொதித்து முடிவதற்குள் சுமார் 400 லிட்டர் கரியமில வாயு வெளியேறும். அறை ஜன்னல் திறந்திருக்கட்டும். ஃப்ரிட்ஜைத் திறந்த கையோடு தலையை உள்ளே நீட்டாதீர்கள்.