இயற்பியல் ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முதலில் தலைப்புகள், அப்புறம் எண்கள்

முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதி முடித்த கையோடு பலரும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் ஆய்விதழின் அண்மைக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கு. நானும் அப்படித்தான் தேடினேன். எண் பெரிதாக இருந்த ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். நான்காம் நாளே திரும்பி வந்துவிட்டது. ‘எங்கள் ஆய்விதழின் எல்லைக்குள் வராது’ என்று ஒரே வரி. மதிப்பீட்டாளர் கைக்கே போகவில்லை. அந்த ஆய்விதழின் பொருளடக்கத்தை ஒரு மணி நேரம் புரட்டியிருந்தால் அதை நானே கண்டுபிடித்திருப்பேன். அதனால் இந்த விளக்கத்தில் எண்களுக்கு மூன்றாவது படியில்தான் வரப்போகிறோம்.

படி 1: பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

சிரிக்காதீர்கள், இங்கேயே பலர் வழுக்குகிறார்கள். ‘யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. ‘யூரோப்பியன் ஃபிசிக்கல் ஜர்னல்’ என்று இன்னொன்றும் இருக்கிறது. முன்னது பல்கலைக்கழக அளவில் இயற்பியலைக் கற்பிப்பது பற்றியது. பின்னது பல பிரிவுகளாக வரும் ஆராய்ச்சி இதழ்த் தொடர். பெயரை வைத்துத் தேடினால் ஒன்றின் எண்ணை மற்றதற்கு ஒட்டிவிடுவீர்கள். ஒவ்வோர் ஆய்விதழுக்கும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற எட்டு இலக்க எண் உண்டு (கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் எழுத்து இருக்கும்). அதைக் குறித்துக்கொண்டு, இனி எல்லாவற்றையும் அதை வைத்தே தேடுங்கள்.

படி 2: என்ன அச்சிடுகிறார்கள் என்று பாருங்கள்

ஆய்விதழின் ‘நோக்கமும் எல்லையும்’ பக்கத்தைப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பக்கம் பெரும்பாலும் வாசலை அகலமாகத் திறந்து வைத்திருக்கும். உள்ளே போனால்தான் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

சில இடங்களில் வேலை எளிது. 1893-இல் தொடங்கிய ‘ஃபிசிக்கல் ரிவியூ’ ஒரு கட்டத்தில் யாராலும் முழுதாகப் படிக்க முடியாத அளவுக்குப் பருத்துப்போய், 1970-இல் நான்காகப் பிரிந்தது. ‘ஏ’ பிரிவில் அணு, ஒளியியல், குவாண்டம் தகவல். ‘பி’யில் திண்மங்களும் பொருளறிவியலும். ‘சி’யில் அணுக்கரு. ‘டி’யில் துகள்கள், ஈர்ப்பு, அண்டவியல். புள்ளியியல் இயற்பியல், மென்பொருண்மை (பாலிமர், திரவப் படிகம் போன்ற மென்மையான பொருள்கள்) போன்றவற்றுக்காக 1993-இல் ‘இ’ வந்து சேர்ந்தது. இப்படி எழுத்தே விலாசம் சொல்லும் ஆய்விதழ்களில் குழப்பம் குறைவு.

மற்றவற்றுக்கு ஒரு விரிதாளைத் திறந்துகொள்ளுங்கள். கடைசி இரண்டு வருடங்களில் வந்த கட்டுரைகளில் ஐம்பது அறுபது தலைப்புகளை ஒட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு மட்டும்: எந்தத் துறை, என்ன வகை (சோதனையா, கோட்பாடா, கணினிக் கணக்கீடா). நாற்பதாவது தலைப்புக்கு வரும்போதே படம் தெளிந்துவிடும். எல்லைப் பக்கத்தில் ‘காந்தவியல்’ என்று போட்டிருக்கும். ஆனால் வந்த காந்தவியல் கட்டுரைகள் எல்லாமே மென்படலச் சோதனைகளாக இருக்கும். நீங்கள் கையில் வைத்திருப்பதோ தற்சுழற்சி (ஸ்பின்) மாதிரிகளின் கோட்பாடு. சட்டப்படி இடம் உண்டு, நடைமுறையில் இல்லை.

இதைவிடக் குறுக்குவழி ஒன்றும் இருக்கிறது. உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலையே எண்ணுங்கள். நாற்பது மேற்கோளில் ஒன்பது ஒரே ஆய்விதழிலிருந்து வந்திருந்தால், உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பூஜ்யம் என்றால், அந்த ஆய்விதழுக்கு அனுப்புமுன் இன்னொரு முறை யோசியுங்கள்.

படி 3: இம்பாக்ட் ஃபேக்டரை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து வளர்ந்த அளவை இது; இப்போது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. கணக்கு நான்காம் வகுப்பு வகுத்தல்தான். கற்பனையாக ஓர் ஆய்விதழை எடுத்துக்கொள்வோம். 2022-இல் 60, 2023-இல் 40, ஆக 100 கட்டுரைகள். 2024-இல் வெளியான கட்டுரைகள் இந்த நூறையும் மொத்தம் 250 முறை மேற்கோள் காட்டின. 250-ஐ 100-ஆல் வகுத்தால் 2.5. அதுதான் 2024-க்கான இம்பாக்ட் ஃபேக்டர்.

இப்போது அந்த 250-இல் 110 மேற்கோள் ஒரே கட்டுரைக்குப் போனது என்று வையுங்கள். அதை எடுத்துவிட்டால் 140-ஐ 99-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 1.4. ஆய்விதழ் அதே ஆய்விதழ்தான்.

நிஜத்தில் இப்படி நடக்குமா என்று கேட்டால், இதைவிடப் பெரிதாகவே நடந்திருக்கிறது. படிகவியலுக்கான ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ’ ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-இல் 2.051. மறு வருடம் 49.926! ஆசிரியர் குழு எந்த மந்திரமும் போடவில்லை. படிக அமைப்புகளைக் கண்டறிய உலகம் முழுதும் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் அங்கே ஒரு கட்டுரை எழுதினார். மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் இதை மேற்கோள் காட்டலாம் என்று அதிலேயே சொல்லியிருந்தார். மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2008 அந்த இரண்டு வருடக் கணக்கிலிருந்து நகர்ந்ததும், 2011-இல் எண் மறுபடி இரண்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கே எழுதிய மற்றவர்களின் கட்டுரைக்கு அந்த 49-ஆல் ஒரு மேற்கோள்கூடக் கூடியிருக்காது.

எனவே சராசரியோடு இடைநிலை அளவையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) பாருங்கள். பத்துக் கட்டுரைகளின் மேற்கோள் எண்ணிக்கை 0, 0, 1, 1, 1, 2, 2, 3, 5, 35 என்றால் சராசரி 5; இடைநிலை 1.5. சராசரியைத் தாண்டியது ஒன்றே ஒன்று. உங்கள் கட்டுரைக்கு என்ன நடக்கும் என்பதற்கு 1.5 தான் நெருக்கமான பதில். மேற்கோள் தரவுத்தளங்களில் ஒவ்வொரு கட்டுரையின் எண்ணிக்கையும் கிடைக்கும். நகலெடுத்து வரிசைப்படுத்தப் பத்து நிமிடம் போதும்.

படி 4: மற்ற அளவைகள்

சைட்ஸ்கோர்: ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தை வைத்துக் கணக்கிடுவது. இங்கே நான்கு வருடக் கட்டுரைகள், அதே நான்கு வருட மேற்கோள்கள். வருடக் கணக்கும் தரவுத்தளமும் வேறு என்பதால், ஓர் ஆய்விதழின் சைட்ஸ்கோரை இன்னொன்றின் இம்பாக்ட் ஃபேக்டரோடு ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது மாதிரி.

ஹெச்-குறியீடு: ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் தனி ஆய்வாளர்களுக்காக உருவாக்கியது. ஹெச் 20 என்றால், குறைந்தது 20 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 20 இருக்கின்றன என்று அர்த்தம். ஆய்விதழுக்குப் போட்டால், பழையதும் பருத்ததும் இயல்பாகவே முன்னே நிற்கும். நான் இதைப் பார்ப்பதே இல்லை.

கால்பகுதித் தரவரிசை, அதாவது க்யூ1 (முன்னணிக் கால்பகுதி) முதல் க்யூ4 (கடைசிக் கால்பகுதி) வரை: ஒரே துறைக்குள் எந்த இடம் என்று சொல்வதால் ஓரளவு உதவும். ஆனால் ஓர் ஆய்விதழ் ஒரு துறைப் பட்டியலில் க்யூ1 ஆகவும் இன்னொன்றில் க்யூ2 ஆகவும் இருக்கலாம். எந்தப் பட்டியல் என்று கேளுங்கள்.

துறை விட்டுத் துறை ஒப்பிடவே வேண்டாம். கணித இயற்பியலில் ஒரு கட்டுரையைப் படித்து, சரிபார்த்து, பயன்படுத்தவே சில வருடம் ஆகலாம். இரண்டு வருடக் கணக்கு அதைப் பிடிக்காது. அதேபோல் ‘ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்’ போன்ற மீளாய்வு இதழ்களின் பெரிய எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். துறை முழுவதையும் தொகுத்துச் சொல்லும் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டத்தான் செய்வார்கள்.

படி 5: எவ்வளவு நாள் ஆகும்?

படிப்பை முடிக்கவேண்டிய அவசரத்தில் இருப்பவருக்கு இதுதான் முக்கியமான எண். பல ஆய்விதழ்கள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ‘பெறப்பட்டது’, ‘ஏற்கப்பட்டது’ என்று இரண்டு தேதி போடுகின்றன. அண்மையில் வந்த பதினைந்து கட்டுரைகளை எடுத்து, நாள்களைக் கழித்து, வரிசைப்படுத்தி, எட்டாவதைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இதில் ஏற்கப்பட்டவை மட்டுமே இருக்கின்றன. நிராகரித்து, மறுபடி புதிதாகச் சமர்ப்பிக்கச் சொல்லும் வழக்கமுள்ள இடங்களில் தேதியும் புதிதாகத் தொடங்கிவிடலாம். ஆகவே கிடைத்த விடையோடு கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எண் உண்மையானதுதானா?

ஆய்விதழின் முகப்பில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிடும் நிறுவனத்தின் பட்டியலில் ஐ.எஸ்.எஸ்.என். கொண்டு தேடுங்கள். பெயரில் ‘இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு, காசு வாங்கிக்கொண்டு எண் தருகிறவர்களும் உண்டு. இன்னொரு சின்ன அடையாளம்: 2023-இல் வந்த பட்டியலிலிருந்து இம்பாக்ட் ஃபேக்டர் ஒரே ஒரு தசம இடத்தோடுதான் வெளியாகிறது. 2024-க்கான எண் என்று 3.417 எனப் போட்டிருந்தால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

விரிதாளில் எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் வருடத்தையும் எழுதுங்கள். புதிய பட்டியல் வழக்கமாக ஜூன் மாதத்தில் வருகிறது. மே மாதம் பார்த்த எண் ஜூலையில் மாறியிருக்கும்.