அண்டார்க்டிகாவில் பனிக்குழி: தோண்டுவதும் அளப்பதும் மாதிரி எடுப்பதும்

அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் விழும் பனி உருகி ஓடுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தன் எடையாலேயே இறுகுகிறது. அந்தப் படிவின் மேல் இரண்டு மீட்டரைக் கையால் தோண்டி, ஒரு சுவரை ஒழுங்காகச் செதுக்கி, வெப்பநிலையும் அடர்த்தியும் அளந்து, வேதியியல் மாதிரி எடுப்பதே பனிக்குழி வேலை. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் நீருக்குச் சமமான பனி சேரும் இடத்தில் இரண்டு மீட்டர் என்பது ஏறத்தாழ நான்கு ஆண்டு. ரஷ்ய நிலையமான வாஸ்டாக் இருப்பது போன்ற உள்நாட்டு மேட்டில் ஆண்டுச் சேர்மானம் சுமார் 20 மில்லிமீட்டர்தான். அங்கே அதே ஆழத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் அடங்கியிருக்கும்.

கீழே உள்ள முறை, இந்தியாவின் மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பாறைத்திட்டுக்குத் தெற்கே, குயின் மாட் லேண்டின் பனிமேட்டில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் செய்யும் வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. திசைக் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் மற்ற இடங்களுக்கும் பொருந்தும். முதலில் சொல்ல வேண்டியது இது: குழியின் தரத்தில் பெரும்பங்கு, சுவரில் கத்தி படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தவறான இடத்தில் தோண்டிய குழியை எந்த ஆய்வகக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

இடம் பார்த்தல்

இந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும். மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கி வருவதால் திசை அதிகம் மாறாது. சஸ்த்ருகி எனப்படும் பனிவரம்புகளின் நீட்டத்தைப் பார்த்தாலே அது புரியும். முகாமும் வண்டிகளும் குழிக்கு வடமேற்கில், அதாவது காற்று குழியைக் கடந்து போகும் பக்கம் இருக்க வேண்டும். பிஸ்டன்புல்லி என்ற பட்டைச்சக்கரப் பனிவண்டியோ ஸ்னோ ஸ்கூட்டரோ, குழிக்கு ஐந்நூறு மீட்டர் முன்பே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மீதித் தூரம் சாமான்களைக் கைஸ்லெட்ஜில் இழுத்து, காற்றுக்கு எதிராக நடந்து போக வேண்டும். டீசல் புகையில் நைட்ரேட், சல்ஃபேட், கரித்துகள் மூன்றும் உண்டு. நாம் தேடிப்போவதும் அவற்றையேதான், அதுவும் நூறு கோடியில் சில பங்கு என்ற அளவில். ஒரு வண்டி ஒருமுறை குறுக்கே போனாலே மேலடுக்கு கெட்டுவிடும்.

பனிப்பிளவு இல்லை என்று முன்பே ரேடாரால் சோதித்த தடத்தை விட்டு விலகக் கூடாது. குழி தோண்டப் போகும் சதுரத்தையும் நீளக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது மூன்று பேர் போக வேண்டும். வானொலியில் பேசும் நேரத்தைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய வரம்பின் உச்சியும் வேண்டாம், அதன் பின்புறக் குழிவும் வேண்டாம். உச்சியில் காற்று அடுக்கை அரித்திருக்கும், குழிவில் அளவுக்கு மீறிக் குவித்திருக்கும். இரண்டிலும் ஆண்டுக் கணக்கு தப்பும்.

சுவரின் முகம்

மாதிரிச் சுவர் நிழலில் இருக்க வேண்டும். தென்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே இருப்பதால், குழியின் வடக்குப் பக்கச் சுவர், அதாவது தெற்கு நோக்கிய முகம், நிழலில் கிடக்கும். ஆனால் டிசம்பரில் இங்கே சூரியன் மறைவதே இல்லை. மைத்ரியின் அட்சரேகையில் நண்பகலில் சுமார் 43 டிகிரி உயரத்தில் இருக்கும் சூரியன், நள்ளிரவில் தெற்கே அடிவானத்துக்கு மேல் 4 டிகிரியில் நிற்கும். அப்போது அதே சுவரில் நேராக வெயில் அடிக்கும். ஆகவே சூரிய நேரப்படி காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையில் சுவர் வேலையை முடித்துவிட வேண்டும். நிலையக் கடிகாரத்தை நம்பாமல் திசைகாட்டியால் சூரியன் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். காந்த விலக்கத்தை, அதாவது திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாட்டை, திருத்திக்கொள்ள மறக்க வேண்டாம்.

வடக்குச் சுவர் வரப்போகும் விளிம்பைக் கயிறு கட்டிக் குறித்துவிடுங்கள். அந்தக் கயிற்றுக்கு அப்பால் யாரும் கால் வைக்கக் கூடாது, பையோ ஷவலோ வைக்கக் கூடாது. அள்ளும் பனியும் அங்கே விழக் கூடாது. மேலே ஒருவர் மிதித்தாலே முதல் பத்து இருபது சென்டிமீட்டரின் அடர்த்தி பொய்யாகும். மிக அண்மைய ஆண்டின் பனி அங்கேதான் இருக்கிறது.

தோண்டுதல்

நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 6 கன மீட்டர். பனியின் சராசரி அடர்த்தியைக் கன மீட்டருக்கு 400 கிலோ என்று கொண்டால், அள்ள வேண்டியது 2,400 கிலோ. தெற்குப் பக்கத்தில் மூன்று நான்கு படி விட்டு இறங்கினால் அள்ளுவதும் குறையும், ஏறி இறங்கவும் வசதி. இறுகிய பனியை ரம்பத்தால் கட்டியாக அறுத்து, ஷவலால் நெம்பித் தூக்குவது, சுரண்டி அள்ளுவதைவிட வேகமானது. கட்டிகளைத் தென்கிழக்கு விளிம்பில் அடுக்கினால் காற்றுத்தடுப்பாகவும் ஆகும். ஆனால் அவற்றின் தூள் குழிக்குள் பறந்து வராதபடி ஒரு மீட்டர் தள்ளி அடுக்குங்கள்.

இந்த வேலையில் பலரும் பிழை செய்வது உடையில். மைனஸ் 15 டிகிரியில் நொடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 27 போல உறைக்கும். அதற்குப் பயந்து எல்லா அடுக்கையும் போட்டுக்கொண்டு தோண்டினால் உள்ளே வியர்க்கும். தோண்டி முடித்து அசையாமல் நின்று அளக்கும் நேரத்தில் அந்த ஈரமே உடலை விறைக்க வைக்கும். தோண்டும்போது கனத்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, நின்றதும் உடனே போட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். குழிக்குள் நான்கு வெள்ளைச் சுவரும் ஒளியைத் திருப்புவதால் மேகமூட்டத்திலும் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. பனிக்குருட்டின் வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரிய வரும்.

கடைசி 20 சென்டிமீட்டரை ஷவலால் தொட வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் சுரண்டியால் மேலிருந்து கீழாகச் செதுக்கிச் செங்குத்தாக்குங்கள். பிறகு சுவரை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இடப்பக்கம் வேதியியல், நடுவில் அடர்த்தி, வலப்பக்கம் வெப்பநிலையும் அடுக்கும். அளவுகோலை வலப்பக்க ஓரத்தில் செருகி, மேற்பரப்பைச் சுழியமாக வையுங்கள்.

வெப்பநிலை முதலில்

சுவர் திறந்த நொடியிலிருந்தே அதன் வெப்பநிலை மாறத் தொடங்குகிறது. அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வெப்பமானியை முன்பே உருகும் பனிச்சேற்றில் வைத்து 0 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துக் குறித்திருக்க வேண்டும். தண்டு முழுவதும் சுவருக்குள் போகும்படி கிடைமட்டமாகச் செருகி, எண் நிலைக்கும் வரை இரண்டு நிமிடம் விடுங்கள். பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று. இரண்டு வெப்பமானிகளை மாற்றி மாற்றிச் செருகினால் நேரம் பாதியாகும். மேல் 20 சென்டிமீட்டரில் அளக்கும்போது மேற்பரப்புக்கு ஷவலால் நிழல் கொடுங்கள். வெயில் பனிக்குள் ஊடுருவி உலோகத் தண்டைச் சூடாக்கும். பனி மைனஸ் 8-இல் இருக்கக் கருவி மைனஸ் 4 என்று காட்டும்.

மாதிரி

இரண்டு மீட்டருக்கு 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 40 மாதிரி, அதோடு மூன்று வெற்று மாதிரி. குப்பிகள் ஆய்வகத்தில் மீத்தூய நீரால் பலமுறை கழுவி, உலர்த்தி, இரட்டைப் பையில் மூடி வந்திருக்க வேண்டும். 50 மில்லிலிட்டர் குப்பியை நிரப்பினால் சுமார் 20 கிராம் பனி, அதாவது 20 மில்லிலிட்டர் நீர் கிடைக்கும். அயனிகளை அளக்க அது போதும். ஆக்சிஜன் ஐசோடோப்புக்கு, அதாவது கனமான ஆக்சிஜன் அணுவுக்கும் லேசானதற்கும் உள்ள விகிதத்தை அளக்க, தனி வரிசைக் குப்பிகள் எடுங்கள். அவற்றின் மூடி இறுக்கமாக இருப்பதே முக்கியம். சிறிது ஆவியானாலும் விகிதம் மாறும்.

குப்பிக்கு எண் போடுவதை நிலையத்திலேயே முடித்துவிடுங்கள். குளிரில் மார்க்கர் எழுதாது, ஒட்டுத்தாள் உரிந்து விழும்.

மாதிரி எடுப்பவர் ஒருவர், குறிப்பவர் ஒருவர். எடுப்பவர் டைவெக் எனப்படும் நூல் உதிராத செயற்கைத் துணி மேலுடை, முகமூடி, கம்பளிக் கையுறைக்கு மேல் பாலித்தீன் கையுறை அணிய வேண்டும். வெயில் களிம்பு பூசுவதானால் எல்லாவற்றுக்கும் முன்னால் பூசி, கையைத் துடைத்து, அதன் பிறகே கையுறை. களிம்பில் உள்ள துத்தநாகம் உலோக அளவீட்டைக் கெடுக்கும். வியர்வை சோடியத்தையும் குளோரைடையும் கூட்டும், மூச்சு அம்மோனியத்தைக் கூட்டும். காற்று உங்களைக் கடந்து சுவரில் படாதபடி ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள்.

இடப்பட்டையை, கழுவிய பாலித்தீன் சுரண்டியால் இன்னும் 5 சென்டிமீட்டர் உள்ளே செதுக்குங்கள். பிறகு அடியிலிருந்து மேலாக எடுத்து வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் உதிரும் தூள், இன்னும் எடுக்காத கீழ் அடுக்கில் படியும். குப்பியின் வாயையே சுவரில் கிடைமட்டமாக அழுத்தி நிரப்புவது மிகச் சுத்தமான முறை. கடினமான காற்றடுக்கில் அது போகாவிட்டால் மட்டும் பீங்கான் கத்தியால் வெட்டுங்கள். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒவ்வொரு வெற்றுக் குப்பியைத் திறந்து, மாதிரி எடுக்கும் நேரம் வரை வைத்து மூடுங்கள். அதில் வரும் எண்தான் நம் கை சேர்த்த அழுக்கு.

அடர்த்தி

100 கன சென்டிமீட்டர் எஃகு வெட்டியைக் கிடைமட்டமாகச் செருகி, இருபுறமும் தகட்டால் அறுத்து, எடுத்து எடை போடுங்கள். கிராமைப் பத்தால் பெருக்கினால் கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும்: 38.5 கிராம் என்றால் 385. ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு முறை எடுங்கள். இரண்டுக்கும் 20 கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மூன்றாவது எடுங்கள்.

தவறு வரும் இடங்கள் இரண்டு. காற்று இறுக்கிய அடுக்கில் வெட்டியைத் தட்டிச் செருகினால் பனி நொறுங்கி மூலை காலியாகும். 5 கன சென்டிமீட்டர் விடுபட்டாலே ஐந்து சதவீதம் பிழை. அதற்கு வெட்டியின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். ஆழத்தில் வரும் பெருமணிப் பனி சர்க்கரை போல உதிரும். அங்கே வெட்டிக்குக் கீழே தகட்டை முதலில் செருகிவிட்டு எடுக்க வேண்டும். தராசை மூடிபோட்ட பெட்டிக்குள் மட்டமாக வையுங்கள். மின்கலத்தை உள்சட்டைப் பையில் வைத்திருந்து தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். குறிப்பு எழுதப் பென்சில்தான், மை உறையும்.

அடுக்கு

வலப்பட்டையை மென்மையான தூரிகையால் பக்கவாட்டில் வருடுங்கள். மென்மையான அடுக்கு உள்வாங்கும், கடினமானது துருத்திக்கொண்டு நிற்கும். கடினத்தைக் கையால் அளக்கும் வழக்கம் போதுமானது: முஷ்டி புகுமா, நான்கு விரலா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டுமா. மணியின் அளவை மில்லிமீட்டர் கட்டம் போட்ட தகட்டில் கொட்டி உருப்பெருக்கியால் பாருங்கள். பனிக்கட்டித் தகடு தெரிந்தால் தடிப்பையும் சுவர் முழுவதும் ஓடுகிறதா என்பதையும் எழுதுங்கள். கோடையில் ஒருநாள் மேற்பரப்பு உருகி உறைந்ததன் தடம் அது.

நேரம் இருந்தால் கிழக்குச் சுவருக்கு அப்பால் இன்னொரு குழி தோண்டி, இடையே 25 சென்டிமீட்டர் சுவரை மட்டும் விடுங்கள். புதுக் குழியைப் பலகையாலும் தார்ப்பாயாலும் மூடிவிட்டு உள்ளே நின்று பார்த்தால், திறந்த குழியின் ஒளி சுவர் வழியே வரும். பெருமணிப் பனி ஒளியைக் குறைவாகச் சிதறடிப்பதால் வெளிச்சமாகவும், காற்று இறுக்கிய நுண்மணிப் பனி இருட்டாகவும் தெரியும். கோடை அடுக்கைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான வழி களத்தில் கிடையாது. உழைப்பு இரண்டு மடங்கு. ஒரு பருவத்தில் ஒரு குழிக்காவது செய்துவிடுங்கள்.

இரண்டு கோடை அடுக்குகளுக்கு இடையே உள்ள தடிப்பை அடர்த்தியால் பெருக்கினால் அந்த ஆண்டின் சேர்மானம் வரும். 50 சென்டிமீட்டர், 400 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது 200 மில்லிமீட்டர் நீர். கண்ணால் எண்ணிய ஆண்டை ஐசோடோப்பு வளைவோடு ஒப்பிட வேண்டும். கோடையில் கனமான ஆக்சிஜன் கூடும், குளிர்காலத்தில் குறையும். ஒரே ஆண்டில் இரண்டு புயல் அடுக்கு இருந்தால் கண் அதை இரண்டு ஆண்டாக எண்ணிவிடும்.

இன்னும் ஆழம் வேண்டுமானால்

குழியின் தரையிலிருந்தே கைத்துளைப்பானை இறக்கலாம். 9 சென்டிமீட்டர் விட்டத்தில் பனித்தண்டு எடுக்கும் ஒரு மீட்டர் குழல், அதற்கு மேல் ஒரு மீட்டர் நீட்டுக்குழாய்கள். பத்து மீட்டர் வரை இருவர் சுழற்றி எடுக்கலாம். ஒரு இறக்கத்தில் 70 சென்டிமீட்டருக்கு மேல் துளைக்கக் கூடாது. மீதி இடத்தில் துளைக்கும்போது வரும் பனிச்சீவல் நிறைய வேண்டும். குழலை முட்ட நிரப்பினால் சீவல் சுவருக்கும் குழலுக்கும் இடையே இறுகிச் சிக்கும். குழலை வெயிலில் கிடத்தாதீர்கள். சூடான உலோகம் பனியை உருக்கி, உடனே உறைந்து, துளைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். நீட்டுக்குழாயின் ஊசிகளைக் கயிற்றில் கட்டி வையுங்கள். ஒன்று கழன்றால் முழுக் கருவியும் துளைக்குள் போய்விடும். சிக்கினால் நெம்பி இழுக்காமல், முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பிச் சீவலைத் தளர்த்துங்கள்.

பத்து மீட்டர் துளையின் அடியில் வெப்பமானியை ஒரு நாள் விட்டு எடுத்தால், அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலைக்கு மிக அருகிலான எண் கிடைக்கும். பருவ ஏற்றத்தாழ்வு அந்த ஆழத்துக்கு இறங்குவதில்லை. தண்டுகளைப் பாலித்தீன் குழாயில் போட்டு, மேல்முனையை அம்புக்குறியால் காட்டி, நீளமும் எடையும் அங்கேயே எழுதுங்கள்.

மூடிவிட்டு வருதல்

1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிகச் சுற்றுச்சூழல் நெறிமுறையின் கீழ்தான் இங்கே எல்லா வேலையும் நடக்கிறது. இந்தியக் குழுக்களுக்கு 2022-ஆம் ஆண்டின் இந்திய அண்டார்க்டிகச் சட்டமும் உண்டு. கையுறை, கயிற்றுத் துண்டு, உணவு உறை எதுவும் குழிக்குள் புதையக் கூடாது. குழியை அள்ளிய பனியாலேயே நிரப்புங்கள். திறந்து விட்ட குழியின் வாயைப் பறக்கும் பனி மெல்லிய மூடியாக மூடிவிடும். அடுத்த வண்டிக்கு அது பிளவுக்குச் சமமான பொறி. நிரப்பிய பிறகும் நான்கு மூலையிலும் மூங்கில் கொடி நட்டு, ஆயத்தொலைவைக் குறித்து நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

மாதிரிப் பெட்டி மைனஸ் 20 டிகிரியில் கப்பல் வழியே கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் வரை போக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பநிலைப் பதிவி ஒன்று போடுங்கள். வெப்பமண்டலத்தைக் கடக்கும்போது உறைகலம் சில மணி நேரம் நின்றுபோனாலும், எந்தப் பெட்டி தப்பியது, எது உருகி மறுபடி உறைந்தது என்று பதிவி சொல்லும். உருகிய பெட்டியின் குப்பிகளைக் கணக்கிலிருந்து தயங்காமல் நீக்கிவிடுங்கள். குறிப்பேட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, பெட்டியோடு போகாத வேறொரு ஆளிடம் கொடுத்தனுப்புங்கள்.