அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் உதவிப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்வதற்கென்று பொதுத்தேர்வு எதுவும் கிடையாது. தலைமைப் பயிற்சியாளர்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் யாரிடம் வேலை கற்றீர்கள், நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்து அழைத்துவரத் தெரியுமா என்ற இரண்டையும் அவர் முதலில் பார்ப்பார். பட்டப்படிப்பைப் பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கும்.

படி 1: உள்ளே நுழைதல்

கல்லூரி அணியில் ஆடியவர்களுக்கு வழி சற்று எளிது. ஆடாதவர்கள் மாணவ மேலாளராகவோ, ட்ராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் பதிவுசெய்யும் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் படித்துச் சொல்பவராகவோ சேரலாம்.

படி 2: சிறிய இடத்தில் எல்லா வேலையும் கற்றல்

இரண்டாண்டுக் கல்லூரிகளும், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் 2, 3-ஆம் பிரிவுக் கல்லூரிகளும் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. முதுகலை படித்துக்கொண்டே அணியில் பணிபுரியும் மாணவ உதவியாளர் இடம் கிடைத்தால், பல இடங்களில் கட்டணச் சலுகையும் சிறு உதவித்தொகையும் கிடைக்கும். மழை வந்தால் ஆடுகளத்தின்மீது தார்ப்பாய் இழுப்பதும், பயிற்சிக்குப் பின் களத்தைச் சீரமைப்பதும் உங்கள் பொறுப்பாகவே இருக்கும்.

என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவில் முன்பு தலைமைப் பயிற்சியாளரோடு சம்பளம் பெறும் உதவியாளர் இருவரும் சம்பளமற்ற தன்னார்வலர் ஒருவரும் மட்டுமே இருக்க முடிந்தது. அந்தத் தன்னார்வலர் பெரும்பாலும் பள்ளிச் சிறுவர்களுக்கான முகாம்களில் கிடைத்த பணத்தில்தான் காலம் தள்ளினார். 2023 ஜூலை 1 முதல் அப்பதவி ஒழிக்கப்பட்டு, மூன்றாம் உதவியாளருக்கும் சம்பளம் தர அனுமதி வந்தது. ஆனால் அனுமதிதான் வந்ததே தவிர கட்டாயம் வரவில்லை. எனவே தொகையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 3: ஒரு துறையைப் பிடித்தல்

பிட்சிங் (பந்து வீசுதல்), பேட்டிங் இரண்டில் ஒன்றில் தேர்ச்சி பெறுவது அவசியம். கல்லூரி ஆட்டத்தில் அடுத்து எந்தப் பந்தை வீசுவது என்பதைப் பல அணிகளில் பிட்சிங் பயிற்சியாளரே தீர்மானிக்கிறார்: டக்அவுட் எனும் அணியினர் அமருமிடத்திலிருந்து அவர் ஓர் எண்ணைச் சொல்ல, வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் தம் மணிக்கட்டுப் பட்டையிலுள்ள அட்டையில் அந்த எண்ணுக்குரிய பந்து எது, எந்த இடத்துக்கு என்று பார்த்துக்கொள்கிறார். 56 ஆட்டங்கள் வரை நீளும் பருவத்தில் ஒவ்வொரு பந்துக்கும் இப்படி முடிவெடுப்பதென்றால், எதிரணியின் ஒவ்வொரு பேட்டரையும் முன்பே படித்திருக்க வேண்டும்.

படி 4: ஆள்சேர்ப்பு

பதவி உயர்வைப் பெரும்பாலும் முடிவுசெய்வது இதுவே என்பது என் கணிப்பு. கோடையில் பள்ளி வயதினரின் போட்டிகளை மைதானம் மைதானமாகச் சென்று பார்க்க வேண்டும். ஆனால் முதல் பிரிவுக் கல்லூரிகள், மாணவர் 11-ஆம் வகுப்பில் நுழையும் ஆண்டின் ஆகஸ்ட் 1 வருமுன் அவரோடு சேர்க்கை குறித்துப் பேசக் கூடாது. நீண்ட காலம் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் இருந்ததால், அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். 2025-26 முதல், ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிகளே பணம் தர வழிவிடும் நீதிமன்ற உடன்பாட்டில் இணைந்த கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்துள்ளது. இப்போது மாற்றுக் கல்லூரி தேடும் ஆட்டக்காரர்களையும் விடாமல் கவனிக்க வேண்டியிருக்கிறது.

படி 5: இடம் மாறி உயர்தல்

டோனி விடெல்லோ மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஆடி, அங்கேயே உதவியாளராகி, பின் டி.சி.யு. (டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்), ஆர்கன்சா அணிகளில் பணியாற்றிவிட்டு 2017-இல் டென்னசியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2024-இல் ஒமாஹாவில் அந்த அணி தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது; 2025-இல் தொழில்முறை அணியான சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை மேலாளராக்கியது (அங்கே தலைமைப் பயிற்சியாளருக்கு அந்தப் பெயர்). வெஸ் ஜான்சனோ ஆர்கன்சாவிலிருந்து மினசோட்டா ட்வின்ஸ் எனும் தொழில்முறை அணிக்குப் பிட்சிங் பயிற்சியாளராகச் சென்று, மீண்டும் கல்லூரிக்குத் திரும்பி, ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளரானார்.

இத்தகைய வாய்ப்புகளுக்கு அறிமுகம் வேண்டும். ஜனவரியில் அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் சங்கம் நடத்தும் மாநாட்டுக்குத் தவறாமல் செல்லுங்கள். அங்கே அரங்க உரைகளைவிட விடுதி வரவேற்பறைப் பேச்சுகளில்தான் வேலைச் செய்திகள் அதிகம் உலவும். பருவம் முடியும் ஜூன் மாதத்தையொட்டி இடங்கள் வேகமாகக் காலியாகி வேகமாக நிரம்புகின்றன. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் அவருடைய உதவியாளர்களும் பெரும்பாலும் வெளியேற நேரும் என்பதால், வாடகை வீட்டு ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மேல் எழுதாமல் இருப்பது நல்லது.