பிராக் நகரில் ஒரு வார இறுதி: நண்பர் கூட்டம் சறுக்கும் இடங்கள்

வெள்ளி இரவு இறங்கி ஞாயிறு இரவு விமானம் ஏறும் கணக்கில் பிராக் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சனியும் ஞாயிறும் ஒன்றுதான் என்று நினைப்பது. இந்த ஊரில் அப்படி இல்லை. பழைய யூதக் குடியிருப்பான யோசெஃபோவில் உள்ள யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை திறக்காது. பிராக் கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை திருப்பலி நடக்கும், மதியம் 12 மணிக்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடுவார்கள். ‘சனி யோசெஃபோவ், ஞாயிறு காலை கோட்டை’ என்று திட்டம் போட்டால் இரண்டும் போச்சு. அப்படியே மாற்றிப் போடுங்கள்.

யோசெஃபோவை அரை மணி நேரத்தில் முடிக்கவும் பார்க்காதீர்கள். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற சுமார் 78,000 பேரின் பெயர்களை ஊர்வாரியாகக் கையாலேயே எழுதியிருக்கிறார்கள். சிறிய எழுத்து, கிட்டப் போனால்தான் படிக்க முடியும். பக்கத்திலேயே கல்லறைத் தோட்டம். மிகப் பழைய கல் 1439-ஐச் சேர்ந்தது. இடம் போதாமல் மண்ணைக் கொட்டி ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்ததால், சுமார் 12,000 கற்கள் இடித்துக்கொண்டும் சாய்ந்தும் நிற்கின்றன. கூட்டமாக செல்ஃபி எடுக்க ஊரில் வேறு எத்தனையோ இடம் இருக்கிறது.

அடுத்தது காசு. செக் நாடு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே புழங்குவது யூரோ அல்ல, கொருனா. கடைக்காரர் யூரோவை வாங்கிக்கொள்வார், ஆனால் அவர் போடும் கணக்கில் நமக்குத்தான் நஷ்டம். ஏடிஎம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையை நம்பி நாணய மாற்றுக் கடைக்குள் போகாதீர்கள். கமிஷன் இல்லாவிட்டால் என்ன, மாற்று விகிதத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஏமாந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டி ரத்து செய்யலாம், 2019 முதல் இது சட்டம். தெருவில் தானாக வந்து ‘நல்ல விலை தருகிறேன்’ என்பவருக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர் கையில் திணிப்பது வேறு ஏதோ நாட்டின் செல்லாத நோட்டாக இருக்கும்.

பழைய நகரச் சதுக்கத்தில் முழுத் தொடையாக நெருப்பில் வாட்டும் பன்றி இறைச்சி மணக்கும். பலகையில் எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. கத்தியை வைப்பவர் தன் இஷ்டத்துக்குக் கால் கிலோவுக்கு மேல் வெட்டித் தட்டில் போட்டுவிடுவார், நாலு பேருக்கு வாங்கினால் நல்ல உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடும் காசு ஆகிவிடும். எத்தனை கிராம் என்று வெட்டும் முன்பே சொல்லுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கூட்டத்தில் இருந்தால் இன்னொன்று: ஊரின் பெயர்போன ஸ்விச்கோவாவும் குலாஷும் பொதுவாக மாட்டிறைச்சிதான். சைவக்காரர்களுக்கு எந்த பப்பிலும் கைகொடுப்பது ஸ்மாஜெனி சீர் என்ற பொரித்த சீஸ். இரண்டு வேளைக்கு மேல் அலுத்துவிடும், அது வேறு விஷயம்.

பழைய பாணி பப்களில் கோப்பை காலியானதும் கேட்காமலேயே அடுத்த பீர் வந்துவிடும், மேசையில் இருக்கும் சீட்டில் ஒரு கோடு விழும். போதும் என்றால் கோப்பைக்கு அடியில் இருக்கும் அட்டையை எடுத்து அதன் மேல் வையுங்கள். ஏழெட்டுப் பேராகப் போகிறவர்கள் சனி இரவுக்கு முன்பதிவு செய்யாமல் கிளம்புவது வீண் அலைச்சல். இரவு 10 மணிக்கு மேல் தெருவில் சத்தம் போட்டால் போலீஸ் வரும். குடித்துக் கும்மாளமிட வந்த கூட்டங்களைப் பார்த்துப் பார்த்து ஊர்க்காரர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள்.

லண்டனில் வேலை பார்க்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் கூட்டத்தில் இருந்தால் டிக்கெட் போடும் முன்பே கேளுங்கள். பிரிட்டன் விசா இங்கே செல்லாது, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். பாரிஸிலோ ஜெர்மனியிலோ வதிவிட அனுமதியோடு குடியிருப்பவர்களுக்கு விசா தொல்லை இல்லை, ஆனால் பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மெட்ரோ நடைமேடைக்குப் போகும் முன் அல்லது டிராமில் ஏறியதும் மஞ்சள் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டோடு பரிசோதகரிடம் மாட்டினால், அபராதம் மூன்று நாள் டிக்கெட் விலையையும் தாண்டிவிடும். சாதாரண உடையில்தான் வருவார்கள். விமான நிலையம் வரை மெட்ரோ கிடையாது. ஏ வழித்தடத்தில் நாட்ராஜி வெலஸ்லாவீன் நிலையத்தில் இறங்கி 59-ஆம் எண் டிராலிபஸ் பிடிக்க வேண்டும். மெட்ரோவுக்கு எடுத்த 90 நிமிட டிக்கெட்டே அதிலும் செல்லும்.